தாலித் தட்டும் மூன்றாம் கேமராவும்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் பூன் லே அடுக்குமாடி புளோக்கில் கேமரா இஞ்ஞாசி என்று பெயர். கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம், வந்து நாலு படம் எடுத்துத் தர முடியுமா என்பார்கள். அவர் திருடனைப் பிடிக்கிற கேமரா மாட்டுகிறவர் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. நான் சொன்னதும் பொய்தான். அவர் மாட்டிய கேமரா எதுவும் ஒரு திருடனைப் பிடித்து நான் பார்த்ததில்லை. பிடித்தது ஒரே ஒரு ஆளை. அது அவருடைய சொந்த அக்காவை.

அவர் பிறந்தது செம்பவாங் கப்பல் தளத்துக் குவார்ட்டர்ஸில். அம்மா சீக்கிரமே போய்விட்டார். வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது அப்பாவுக்கு வேலை போனது, கூடவே அவருக்குத் தெம்பும் போனது. மிச்சம் இருந்தது அக்கா அந்தோனியம்மாள்தான். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு நகைக்கடையில் விற்பனைக்கு நின்று, அந்தச் சம்பளத்தில் தம்பியை டிவி ரிப்பேர் படிக்க வைத்தவர் அவர். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்பார். தம்பி ஒரு நிலைக்கு வந்து என்னையும் கட்டிக்கொண்டு வந்தபோது, அக்காவுக்கு வயது தாண்டிவிட்டது என்று ஊரே சொல்லிவிட்டது.

நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். நாத்தனாரோடு ஒரே வீட்டில் குடித்தனமா, ரூபி, உனக்கு ஜென்ம சனிதான் என்று என் சிநேகிதிகள் பயமுறுத்தினார்கள். ஆனால் மதினி வாயில்லாப் பூச்சி. நான் ஒரு பேச்சுக்குப் பத்துப் பேச்சு பேசுவேன், அக்காவும் தம்பியும் சேர்ந்து பத்துக்கு ஒன்று பேசினால் அதிசயம். மூன்று பேர் இருக்கிற வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கும் என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சிரிப்பார்.

இவர் முதலில் ஜூரோங்கில் டிவி பாகங்களைப் பூட்டும் பேக்டரியில் இருந்தார். எழுபதுகளின் கடைசியில், கடைகளுக்கும் பேங்குகளுக்கும் கேமரா மாட்டும் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறினார். அந்த வேலை என்னவென்று எனக்குப் புரிய வைக்க அவர் பட்ட பாடு பெரும்பாடு. கேமரா நாலு இருக்கும், டிவி ஒன்றுதான், பதிவு செய்கிற டேப் மெஷினும் ஒன்றுதான். நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கேமராவுக்கும் முறை வைத்துக் கொடுக்கும். ஒரு கிண்ணத்துச் சோற்றை நாலு பிள்ளைகளுக்கு மாறி மாறி ஊட்டுகிற மாதிரி என்றார். யாருக்கு எவ்வளவு நேரம் என்று அந்தப் பெட்டியின் திருகில் வைப்பது அவர் வேலை. ஒரு பிள்ளையை வேண்டாம் என்று தாண்டிவிடவும் ஆளுக்கொரு சுவிட்சு உண்டு. தாண்டிவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சோறு இல்லை, டிவியிலும் வராது, டேப்பிலும் ஏறாது.

டேப் மெஷினிலும் ஒரு திருகு. ஒரு நாள் முழுவதையும் ஒரே டேப்பில் அடக்க வேண்டுமென்றால் மெதுவாக ஓட வைக்க வேண்டும். அப்போது மெஷின் விட்டு விட்டுத்தான் படம் பிடிக்கும், ஆட்கள் எல்லாம் கோழி நடக்கிற மாதிரி வெட்டி வெட்டி நடப்பார்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது ரூபி, எதை விடுறதுன்னு முடிவு பண்றதுதான் செட்டிங் என்பார். பொழுதெல்லாம் எதையாவது விட்டுக்கொடுத்தே வளர்ந்த மனிதருக்கு ஏற்ற வேலைதான் என்று அப்போது கேலி செய்தேன்.

மதினி நின்ற கடையின் முதலாளி பேர் பசுபதி. எண்பத்திரண்டில் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் கொள்ளை போனது. உடனே முதலாளிக்கும் கேமரா வேண்டும் என்றானது. நகைக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கிற கம்பெனியும் கேமரா இருந்தால்தான் ஆச்சு என்றது. எங்கள் மதினிதான் பெருமையாக, என் தம்பி அந்த வேலைதான் பார்க்கிறான் என்று சொல்லி இவருடைய கம்பெனிக்கு அந்த ஆர்டரை வாங்கிக் கொடுத்தார்.

முதல் கேமரா வாசலுக்கு, இரண்டாவது எடை போடுகிற இடத்துக்கு, மூன்றாவது மதினி நிற்கிற கவுண்டருக்கு, நாலாவது பின்னால் பட்டறைக் கதவுக்கு. இவர் நாலு நாள் அங்கேயே கிடந்தார். தங்கத்தில் டியூப் லைட் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில் படம் வெள்ளையாக வெந்துபோகிறது என்று லென்ஸை மூடித் திறந்து, திறந்து மூடி, ஒரு வழியாக மதினியின் முகமும் தட்டில் இருக்கிற மோதிரமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி கொண்டுவந்தார். டிவியை உள்ளறையில் வைக்கப் போனவரை முதலாளி தடுத்துவிட்டார். இவ்வளவு செலவு பண்ணியிருக்கிறேன், உள்ளே ஒளித்து வைக்கவா என்று சொல்லி, வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி கவுண்டருக்கு மேலே தொங்கவிடச் சொன்னார். ஜனங்களுக்கும் அது வேடிக்கையாகிப் போனது. நகை வாங்க வந்தவர்கள் டிவியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். ஒன்றும் வாங்காமல் டிவியில் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

வினை அந்த டிவியில்தான் வந்தது. ஒரு நாள் பெண்ணுக்குத் தாலி வாங்க ஓர் அம்மா வந்திருந்தார். மதினிக்குக் கைராசி என்று கடை இருந்த தேக்கா வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. அந்தோனியம்மா கையால எடுத்துக் கொடுத்தா குடும்பம் விளங்கும் என்று புக்கிட் பாஞ்சாங்கிலிருந்துகூட வருவார்கள். கல்யாணமே ஆகாத கை ஊரெல்லாம் தாலி எடுத்துக் கொடுத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அன்றைக்கும் மதினி தட்டை வெளியே எடுத்து வைத்தார். அந்த அம்மா தற்செயலாக நிமிர்ந்தார். மேலே டிவியில், முடிச்சு விழாத தாலி பெரிதாகத் தெரிகிறது. கடையில் இருக்கிற அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கழுத்தில் ஏறுவதற்கு முன்னால் என் பிள்ளை தாலியை ஊருக்கெல்லாம் காட்டுகிறீர்களா என்று அந்த அம்மா கையை உதறிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாளே இவரை முதலாளி கூப்பிட்டனுப்பினார். இவர் டிவியை உள்ளே மாற்றிவிடலாம் என்றார். அது முடியாதாம். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாமா என்றார். அப்புறம் மற்ற நகையை யார் பார்ப்பது என்றாராம். டிவியில் வராமல் டேப்பில் மட்டும் ஏறுகிற மாதிரி செய்யலாம், அதற்கு இன்னொரு பெட்டி வாங்க வேண்டும் என்று இவர் சொல்ல, டேப்பில் மட்டும் கண் இல்லையா என்று முதலாளி கேட்டிருக்கிறார். அப்புறம் சொன்னார்:

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சொல்லுவாங்க, தம்பி. தாலித் தட்டு வெளிய வர்ற நேரம் அந்தக் கண்ணு மூடியிருக்கணும். தட்டு உள்ள போனதும் திறந்துக்கட்டும். அவ்வளவுதான்."

இவர் அவ்வளவுதானைச் செய்தார். உள்ளறையில் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து மதினியின் கவுண்டருக்கு அடியில், கைக்கு எட்டுகிற இடத்தில் பொருத்தினார். மூன்றாம் சுவிட்சைத் தட்டினால் மூன்றாம் கேமராவைப் பெட்டி தாண்டிப் போகும். திரும்பத் தட்டினால் மறுபடி முறை வரும். முதலாளி கடையில் வேலை செய்கிற எல்லாரையும் நிற்க வைத்து, தாலித் தட்டைத் தொடுவதற்கு முன்னால் அந்தோனியம்மா கை சுவிட்சுக்குப் போக வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். மதினியோடு விற்பனைக்கு நிற்கிற ரத்தினம்மா இருந்தாள், பட்டறை ஆட்கள் இருந்தார்கள், அத்தனை பேரும் கேட்டார்கள். மதினி ஒரு நாளும் மறக்கவில்லை. நெஞ்சில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் தட்டை எடுப்பார். ஒருமுறை போயிருந்தபோது நானே பார்த்தேன்.

அந்தக் கடைக்கு மட்டும் உரிய அந்த வழக்கம் இரண்டு வருஷம் ஒரு கோளாறும் இல்லாமல் நடந்தது.

எண்பத்துநாலு ஆவணியில் ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வந்தது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, சித்தி, அத்தை, குழந்தைகள் என்று கவுண்டரையே மூடிக்கொண்டு நின்றார்களாம். தாலிக்கொடிகள் தட்டோடு கை மாறின. ஒருத்தி கழுத்தில் வைத்துப் பார்க்கிறாள், இன்னொருத்தி வெளிச்சத்தில் பிடிக்கிறாள். கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மதினி கையால் மஞ்சள் குங்குமத்தோடு வாங்கிக்கொண்டு போனார்கள். மதினி தட்டை உள்ளே வைக்கப் போனார். கனமான கொடி ஒன்று இல்லை.

அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மதினியேதான் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னார். எடுத்தவள் யாராவது தானாகப் போய் ஒன்றைக் காணோம் என்று சொல்லுவாளா? இதை நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், ஆட்டிவிட்டு, ஆனாலும் என்பார்கள். அந்த ஆனாலும் இருக்கிறதே, அதை அரைத்துக் கரைத்து அவர்கள் வாயிலேயே ஊற்ற வேண்டும் போல எனக்கு வரும்.

போலீஸ் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இராஜரத்தினம் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் வந்தார். உள்ளறையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு டேப்பை ஓட்டினார்கள். வாசல் வருகிறது, எடை போடுகிற இடம் வருகிறது, மதினி நிற்கிற கவுண்டர் வருகிறது, பட்டறைக் கதவு வருகிறது. சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது, திடீரென்று மதினி இல்லை. வாசல், எடை, பட்டறை, மறுபடி வாசல். ரொம்ப நேரம் கழித்து மதினி திரும்ப வருகிறார். அப்போது கூட்டம் இல்லை, கொடியும் இல்லை, மதினி தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நடுவில் கேமராவை நிறுத்தியது யார் என்று கேட்டார்கள். மதினி நான்தான் என்றார். ஏன் என்றார்கள். முதலாளி சொல்லியிருக்கிறார் என்றார். எல்லாரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடை திறந்திருக்கிற நேரத்தில் எந்தக் கேமராவும் நிற்கக்கூடாது என்பது இன்ஷூரன்ஸ்காரர்களின் நிபந்தனை. முதலாளியே நிறுத்தச் சொன்னார் என்றால் போன கொடிக்கு ஒன்றும் கிடைக்காது. மதினி எனக்குச் சொன்னது இது: முதலாளி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாராம். அப்புறம் மதினியின் முகத்தைப் பார்த்தே சொன்னாராம்.

"நானா? கேமராவை நிறுத்துன்னு சொல்றதுக்கா நான் கேமரா வாங்கினேன்? நான் அப்படிச் சொல்லவே இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை மதினி நேரில் பார்த்தார். ரத்தினம்மாவைக் கேட்டார்கள். மதினியின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து வருஷக்கணக்காக மீன் குழம்பு தின்றவள், தனக்கு அந்த மிஷின் விஷயமெல்லாம் தெரியாது என்றாள். பட்டறை ஆட்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்களை நான் திட்டித் தீர்த்துவிட்டேன், ஆனால் அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்று மதினி எனக்கே புத்தி சொன்னார்.

இவர் விஷயம் கேள்விப்பட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். கஸ்டமர் விவகாரத்தில் தலையிடாதே என்று அவருடைய பாஸ் சொன்னதை முதல் தடவையாகக் கேட்காமல் போனார். அந்தச் சுவிட்சை அங்கே வைத்தது நான், வைக்கச் சொன்னது முதலாளி என்று போலீஸில் சொன்னார். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். எழுதியும் கொண்டார்கள். கடைசியில், உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் என்ன உறவு என்றார்கள். இவர் அக்கா என்றார்.

இராஜரத்தினத்தையும் அவருடைய ஆபீசில் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன், இவர் பேசாமல் வந்துவிடுவார் என்று எனக்குப் பயம். பெட்டி எப்படி வேலை செய்யும், ஏன் கவுண்டருக்கு அடியில் வந்தது என்று இவர் ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். அவர் கெட்டவர் இல்லை.

"தம்பி, நீர் சொல்லுறது உண்மையாயும் இருக்கலாம். ஆனா நீர் அவவின்ர தம்பி. கடையில ஒருத்தரும் ஓமெண்டு சொல்லேல்லை. சுவிட்சில கை வைச்சது தான்தான் எண்டு அவவே சொல்லுறா. நான் என்னத்தை எழுதிறது, சொல்லும்?"

நான் இவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாட்சி இல்லை என்று போலீஸ் மதினியின் மேல் வழக்குப் போடவில்லை. முதலாளிக்கு இன்ஷூரன்ஸும் கிடைத்தது. மதினியை வேலையை விட்டு நிறுத்தினார். கேஸ் போடாமல் விட்டதே என் பெருந்தன்மை என்று சிராங்கூன் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். கேமராவே காட்டிக் கொடுத்துவிட்டது என்றார்கள். காட்டாமல் போன கேமரா எப்படி அம்மா காட்டிக் கொடுக்கும்? கேட்டால் யார் காதில் விழுகிறது.

மதினிக்கு வேலை போனது பெரிதில்லை. ஜூரோங்கில் பிஸ்கட் பேக்டரியில் டின் அடைக்கிற வேலை கிடைத்தது. பெயர்தான் போனது. எங்கள் கோயில் திருவிழாவுக்கு மாதா சுரூபத்தை அலங்காரம் பண்ணி நகை போட்டுவிடுவது எத்தனையோ வருஷமாக மதினியின் கை. கைராசி அங்கேயும் பேசியது. அந்த வருஷம் திருவிழாக் கமிட்டியிலிருந்து இயேசுதாசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் போட்ட கோப்பியைக் குடித்தார். தன் பிள்ளைகள் படிப்பு, பஸ் கூட்டம், வெயில் எல்லாம் பேசினார். பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க லா. நகை போடுறத வேற ஆளு பாத்துக்கட்டும். நீங்க பூ மட்டும் கட்டிக் குடுங்க."

மதினி சரி என்றார். நான் அந்தக் கோப்பிக் கப்பைப் பிடுங்கியிருப்பேன், மதினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி, கழுத்தில் இருந்த மெல்லிய சங்கிலியையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை ரூபி, கழுத்தைத்தான் பார்க்கிறார்கள் என்றார். தேக்கா பக்கமே போவதையும் விட்டார். கீரை வாங்க வேண்டுமென்றாலும் பூன் லே மார்க்கெட்தான்.

இவர் இன்னும் மோசம். ஏற்கெனவே பேசாதவர், இப்போது இருக்கிற இடமே தெரியாது. சாப்பிடுகிறபோது தட்டில் விரலால் கோடு போடுவார். என்ன என்றால், அந்த இன்னொரு பெட்டியை என் சம்பளத்தில் வாங்கிப் போட்டிருந்தால் டிவிக்குப் போகாமல் டேப்புக்குப் போயிருக்கும் என்பார். முதலாளி அதையும்தானே வேண்டாம் என்றார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கத்துவேன். அவர் மறுபடி கோடு போடுவார். மதினி குழம்பை அந்தக் கோட்டின் மேல் ஊற்றிவிட்டு, சாப்பிடு தம்பி என்பார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் போனது.

எண்பத்தாறில் அந்தக் கடைக் கேமராக்கள் கெட்டுப்போயின. ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற குழாயில் அந்தப் படமே சூடு போட்ட மாதிரி பதிந்துவிடுமாம். புதுக் கேமரா மாட்ட ஆள் வேண்டும், அந்தக் கடை வயரிங் உனக்குத்தான் தெரியும், நீதான் போக வேண்டும் என்று பாஸ் சொல்லிவிட்டார். வேண்டாம், அந்த வாசலை மிதிக்காதீர்கள் என்று தலைகீழாக நின்றேன். வீட்டு லோன் இருக்கிறது, பிள்ளை வயிற்றில் இருக்கிறது. அவர் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய கேமரா. குப்பையில் போடச் சொன்னதை எடுத்து வந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே சொன்னார். முதலாளி நல்லபடியாகத்தான் பேசினாராம், டீ வாங்கிக் கொடுத்தாராம். வேலை முடிகிற நேரத்தில் பக்கத்தில் வந்து, பழைய மாதிரியே அந்தத் தாலிச் சுவிட்சையும் வைத்துவிடு தம்பி என்றாராம். அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை என்று அன்றைக்குச் சொன்னீர்களே என்று இவர் கேட்டிருக்கிறார். என் புருஷன் வாழ்க்கையில் கேட்ட ஒரே கேள்வி.

"அது அன்னைக்கு, தம்பி. இன்ஷூரன்ஸ்காரன் முன்னால வேற என்ன சொல்ல முடியும்? மனசுல வச்சுக்காத."

இதைச் சொல்லிவிட்டு முதலாளி தோளில் தட்டினாராம். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வைத்தீர்களா என்று கேட்டேன். சுவிட்சை வைத்தீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றேன்.

"நான் வைக்கலைன்னா வேற ஒருத்தன் வைப்பான், ரூபி" என்றார்.

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அத்தனையும் இங்கே எழுத முடியாது. உப்புப் போட்டுத்தான் சோறு தின்கிறோமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். மதினி வந்து, அடுப்பில் கறி அடிப்பிடிக்குது, போய்ப் பாரு என்று என்னை அனுப்பினார்.

நான் திரும்பி வந்தபோது இவர் அந்தக் கேமராவை எங்கள் டிவியில் மாட்டி வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்திருந்தார். கண்ணால் பார்த்தால் வெறும் சுவர். ஆனால் டிவியில், மங்கலாக, அந்தக் கடை. கவுண்டரின் விளிம்பு, கண்ணாடி அலமாரியின் தட்டுகள், வரிசையாக டியூப் லைட்டுகள், எல்லாம் கறுப்புக் கோடாக எங்கள் வீட்டுச் சுவரில் நின்றன. மதினி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு இடத்தை விரலால் தொட்டார்.

"இங்கதான நான் நின்னேன். ஆளு பதியாதா, தம்பி?"

"அசையாம இருக்கிறதுதான் பதியும்க்கா."

மதினி அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. இப்போது அங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்டார். லீலா என்று ஒரு பெண், சின்ன வயசு, போன மாதம்தான் சேர்ந்திருக்கிறாள் என்றார் இவர்.

"அவகிட்ட சொன்னியா?"

இவர் டிவியை அணைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் மதினி தேக்கா பக்கம் நடக்கத் தொடங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு பின்னாலேயே போனேன். இரண்டு வருஷமாக அந்தத் தெருவைப் பார்க்காதவர், கடை வாசலில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. முதலாளி இல்லை. உள்ளே போனதும் மேலே டிவியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம், புது டிவி, கலரில். மதினி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்.

அந்த லீலா நல்ல பெண்தான். வாங்க அக்கா, என்ன பாக்கணும் என்று சிரித்தாள். மதினி தணிந்த குரலில், நான் முன்னால் இங்கே வேலை பார்த்தவள், அந்தோனியம்மாள் என் பேர் என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் முன்னால் இருந்த மோதிரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அதை நான் பார்த்தேன், மதினியும் பார்த்தார்.

பார்த்தும் மதினி சொல்ல வந்ததைச் சொன்னார். அடியில் இருக்கிற அந்தச் சுவிட்சைத் தொடாதே, முதலாளி சொன்னாலும் தொடாதே, தொடச் சொன்னால் நாலு பேர் முன்னால் எழுதித் தரச் சொல்லு, நாளைக்கு ஒன்று காணாமல் போனால் உன்னைத்தான் கேட்பார்கள் என்றார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், பெரியவர்களுக்குப் பதில் சொல்லுகிற பணிவோடுதான் சொன்னாள்.

"முதலாளி நல்லவரு அக்கா. எனக்கு அப்படி எல்லாம் வராது லா."

அப்போது ஒரு குடும்பம் உள்ளே வந்தது. தாலி பார்க்கணும் என்றார்கள். எங்களைத் தாண்டி அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, லீலா கவுண்டருக்கு அடியில் கையை விட்டாள். மேலே டிவியில் வாசல் வந்தது, எடை போடுகிற இடம் வந்தது, பட்டறைக் கதவு வந்தது, மறுபடி வாசல் வந்தது, கவுண்டர் வரவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் நான் அழுதேன். மதினி அழவில்லை. பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தோம், ஜூரோங் பேக்டரிகள் தெரிந்தன. இறங்குகிற இடத்துக்கு முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"தம்பிகிட்ட, அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டான்னு சொல்லிடு, ரூபி. அவன் தட்டுல கோடு போட்டே செத்துருவான்."

நான் அப்படியே சொன்னேன். பெண் நல்ல பெண், புரிந்துகொண்டாள், இனிமேல் சுவிட்சைத் தொடமாட்டாள் என்று கூடக் கொஞ்சம் சேர்த்தே சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் அன்றைக்கு வந்தது. இவர் நல்லது என்றார். அந்த வாரம் தட்டில் கோடு போடவில்லை. அடுத்த வாரமும் போடவில்லை. பிள்ளை பிறந்தது. மதினி சொன்ன பேரையே, பிரிஜட் என்று வைத்தோம். கொஞ்ச நாள் வீட்டில் சிரிப்புகூடக் கேட்டது.

கேமரா மாட்டினால் அவ்வப்போது போய்ச் சுத்தம் செய்து பார்த்து வர வேண்டும், அது கம்பெனி வழக்கம். பிள்ளைக்குப் பல் முளைக்கிற சமயம் இவர் அந்தக் கடைக்குப் போய் வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். மதினி சோறு போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன், வாய் சும்மா இருக்காமல்.

"லென்ஸ் எல்லாம் சுத்தம் பண்ணிட்டேன்" என்றார். "பெட்டியில மூணாவது சுவிட்சு மட்டும் விரல் பட்டுப் பட்டு ரொம்பத் தேஞ்சிருந்துச்சு. அத மாத்திட்டு வந்தேன்."

மதினி இன்னொரு கரண்டி சோறு போட்டார்.